ஓட்டைகளை அடைத்த சங்கம்

கார்த்திகேசன் நல்லவன். சிதம்பரம் தெற்கு வீதியில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, "ஆனா பாருங்க" என்று ஒரு இழுவை இழுப்பார்கள். அந்த 'ஆனா பாருங்க'வுக்குப் பின்னால் வருவதுதான் இந்தக் கதை.

தெற்கு வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அவனுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பெயர் மலர் நெட். மனைவி மலர்க்கொடியின் நகையில் எழும்பிய கடை என்பதால் பெயர் வைப்பதில் விவாதம் எதுவும் எழவில்லை. ப்ளைவுட் தடுப்புக்குள் ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் பசித்த பிள்ளை மாதிரிக் கத்தும் யூ.பி.எஸ். ஒன்று. வருஷம் முழுக்க ஈ ஓட்டினாலும் மே, ஜூன், ஜூலை வந்தால் ப்ளஸ் டூ ரிசல்ட்டும் கவுன்சலிங்கும் கடையைத் தூக்கி நிறுத்திவிடும். 2008-இல் அந்தச் சீசனும் கைவிட்டால் கடையை மூடிவிட்டு, குமராட்சியில் மைத்துனன் கொளஞ்சியின் உரக்கடையில் போய் நிற்க வேண்டும் என்பது குடும்பத்தில் பேசி முடித்த விஷயம். கொளஞ்சி வயதில் சின்னவன், தங்கமானவன். "வாங்க மாமா, அந்த யூரியா மூட்டைய மட்டும் கொஞ்சம் நவுத்திட்டு உக்காருங்க மாமா" என்று மரியாதையாகத்தான் சொல்வான். அந்த மரியாதையை நினைத்தாலே கார்த்திகேசன் கடையை இன்னொரு முறை பெருக்கித் துடைப்பான்.

பொங்கல் முடிந்த கையோடு ஒரு செய்தி பரவியது. திருட்டு சி.டி.யில் விண்டோஸ் போட்டிருக்கும் கடைகளைப் பிடிக்கச் சென்னையிலிருந்து ஆள் வந்திருக்கிறது, ஜீப்பில் வந்திருக்கிறது, புவனகிரியில் இறங்கிவிட்டது. புவனகிரியில் இறங்கியவர்கள் மளிகைக் கடை எடைக்கல்லுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வந்த அதிகாரிகள் என்பது பிறகு தெரிந்தது. தெரிவதற்குள் சங்கம் கூடிவிட்டது. கூடிய சங்கத்தைக் கலைக்க உண்மைக்குச் சக்தி கிடையாது.

கடலூர் சிதம்பரம் வட்டார இணைய மைய உரிமையாளர் நலச் சங்கம் என்று பெயர். தலைவர் தட்சிணாமூர்த்தி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மின்விசிறிக் கடை வைத்திருப்பவர், மாடியில் பெயருக்கு நாலு கம்ப்யூட்டர். எந்தச் சண்டையிலும் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டக் கூடியவர், அதனால்தான் தொடர்ந்து தலைவர். சங்கத்தின் சான்றிதழ் மாட்டாத கடையைப் போலீஸ் பூட்டிவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. பேச்சைக் கிளப்பியது யார் என்று கேட்டால் எல்லாரும் சங்கத்தைக் காட்டினார்கள். சங்கம் போலீசைக் காட்டியது. போலீசிடம் போய்க் கேட்க யாருக்கும் நேரமில்லை.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். முதலில் எழுந்தவர் சேரன். கண்ணாடி, ஜிப்பா, தோளில் சி.டி.க்கள் நிரம்பிய துணிப்பை. கட்டற்ற மென்பொருள் அணியின் அமைப்பாளர். அந்த அணியில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், உலகமே இருக்கிறது என்பார்.

"நண்பர்களே! ஒரு வீடு வாங்குகிறீர்கள். அஸ்திவாரத்தைப் பார்க்கக் கூடாது என்கிறான் விற்பவன். வாங்குவீர்களா? விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் அப்படியல்ல. அதன் மூல நிரல் திறந்து கிடக்கிறது. ஒவ்வொரு வரியையும் நீங்கள் படிக்கலாம்!"

"நீங்க படிச்சிருக்கீங்களா சார்?" என்றது ஒரு குரல்.

"நான் படித்தேனா என்பது கேள்வியல்ல. படிக்க முடியும் என்பதே விடுதலை. உலகத்தில் எங்கோ ஒருவர் இந்த நிமிஷம் படித்துக்கொண்டிருப்பார்."

"அவரு போன் நம்பர் கெடைக்குமா?"

சேரன் அதைக் காதில் வாங்கவில்லை. கார்த்திகேசன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். "சார், நல்லது சார், போட்ருவோம். என் பிரிண்டரு அதுல ஓடுமா?"

சேரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நண்பரே, உங்களுக்கு விடுதலை வேண்டுமா, பிரிண்டர் வேண்டுமா?"

நாலு பேர் கைதட்டினார்கள். கார்த்திகேசன் உட்கார்ந்துவிட்டான். பிரிண்டர்தான் வேண்டும் என்று சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்து எழுந்தவர் சாமிக்கண்ணு. ஓய்வுபெற்ற ஏட்டு. கடலூர் முதுநகரில் மருமகன் பெயரில் சென்டர் நடத்துகிறார். சங்கத்தின் பாதுகாப்புக் குழுத் தலைவர். கம்ப்யூட்டரை அவர் தொட்டதில்லை. கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவருவார்.

"நான் சர்வீஸ்ல எத்தினி பூட்டு ஒடச்சவன பாத்திருப்பேன்! பூட்டு எப்பிடி செஞ்சிருக்குன்னு ஊரு பூரா நோட்டீஸ் அடிச்சிக் குடுத்தா, திருடன் சும்மா இருப்பானா?"

"ஐயா," என்றார் சேரன், "எல்லாரும் பார்ப்பதால்தான் ஓட்டை உடனே தெரிகிறது, உடனே அடைபடுகிறது."

"ஆங்! ஓட்ட இருக்குன்னு ஒத்துக்கிறாரு. எழுதிக்கங்கய்யா!"

இதற்கும் நாலு பேர் கைதட்டினார்கள். அதே நாலு பேர்.

வெயில் சாயும் வரை இப்படியே போனது. கடைசியில் தட்சிணாமூர்த்தி முடித்துவைத்தார். "இருவர் கருத்திலும் நியாயம் இருக்கிறது. நமது சங்கம் ஒருபக்கம் சாயாது. எனவே சேரன் சொன்னதையும் முழுமையாக நிறைவேற்றுவோம், ஏட்டையா சொன்னதையும் முழுமையாக நிறைவேற்றுவோம். மென்பொருள் திறந்திருக்கும். மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுவோம்."

எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். கேசரி நன்றாகத்தான் இருந்தது.

மறுவாரமே சேரன் மலர் நெட்டுக்கு வந்துவிட்டார். கூட ஒரு நண்பர். பழையதை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டார்கள். திரை என்னவோ பளிச்சென்று அழகாக இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. மலர்க்கொடியே எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிரிண்டர் மட்டும் அசையவில்லை. ஏற்கெனவே அடித்து வைத்திருந்த தமிழ் பயோடேட்டாக்களும் கல்யாணப் பத்திரிகைகளும் திரையில் கட்டம் கட்டமாக வந்தன. பெண்ணின் ஜாதகம் அடிக்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "கட்டமெல்லாம் சரியா இருக்கு தம்பி, உள்ள கிரகத்ததான் காணோம்" என்றார்.

"சார், பிரிண்டரு..." என்றான் கார்த்திகேசன்.

"அந்தக் கம்பெனி தன் ரகசியத்தை வெளியிடவில்லை. அதைப் புறக்கணியுங்கள்."

"பிரிண்டரயா சார்? போன தீவாளிக்குத்தான் வாங்கினேன்."

"அப்படியானால் பிரிண்டரை இயக்கும் டிரைவர் ஒன்றை நீங்களே எழுதிவிடுங்கள். யார் தடுக்கிறார்கள்? மூலம்தான் திறந்திருக்கிறதே!"

கார்த்திகேசனுக்குத் தெரிந்த டிரைவர்கள் எல்லாரும் மினிபஸ் ஓட்டுகிறவர்கள். அவர்களிடமும் இதற்கு வழி இருக்காது என்று விட்டுவிட்டான்.

இதற்கிடையில் கூட வந்த நண்பர், நாம் பயன்படுத்துவது 'கட்டற்ற' மென்பொருளா, 'திறந்த மூல' மென்பொருளா என்று மெல்ல ஆரம்பித்தார். இரண்டும் ஒன்றுதானே என்று கார்த்திகேசன் நல்ல எண்ணத்தில் சொல்லிவிட்டான். வந்தது வினை. சேரனும் நண்பரும் சேர்ந்து அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிறகு ஒருவருக்கொருவர் ஆரம்பித்தார்கள். இணையத்தில் அரட்டையடிக்க வந்த கல்லூரிப் பையன்கள் தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு சினிமாவுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் நண்பர் தனியாக ஒரு அணி ஆரம்பிப்பதாகச் சொல்லிவிட்டுப் பேருந்தேறினார். அந்த அணியிலும் உலகமே இருக்கிறதாம்.

சேரன் திறந்துவிட்டுப் போனதை அடைக்க அடுத்து சாமிக்கண்ணு வந்தார். ஒரு கையில் டார்ச், மறு கையில் எம்-சீல். தண்ணீர்த் தொட்டி ஒழுகினால் பிசைந்து அப்புவோமே, அதேதான். கம்ப்யூட்டரைத் திருப்பிப்போட்டு டார்ச் அடித்தார்.

"இது இன்னா ஓட்ட?"

"பென் டிரைவ் சொருவறது சார்."

"அதுல வைரஸ் வருமா?"

"வரும் சார், ஆனா..."

"பெசை."

கார்த்திகேசன் பிசைந்து கொடுத்தான். சாமிக்கண்ணு பொறுமையாக, அழகாக அடைத்தார். வேலையில் சுத்தம். ஒரு கம்ப்யூட்டரில் மவுஸ் சொருகியிருந்த ஓட்டையையும் மவுஸோடு சேர்த்து அடைத்தார். அது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. அந்த மவுஸை அதன்பிறகு யாரும் திருடவில்லை. எல்லாம் முடிந்ததும் சுவரில் சங்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் ஏறியது.

பாஸ்வேர்டு விவகாரம் மாசி மாதத்தில் வந்தது. கடைக்காரர்கள் தாங்களாகப் பாஸ்வேர்டு வைத்தால் மனைவி பெயரை வைத்துவிடுகிறார்கள் என்று பாதுகாப்புக் குழு கண்டுபிடித்தது. கார்த்திகேசன் தலையைக் குனிந்துகொண்டான். இனிமேல் சங்கமே வாராவாரம் ஒரு பாஸ்வேர்டு கொடுக்கும். எழுதக் கூடாது. போனில் சொல்லக் கூடாது, ஒட்டுக் கேட்பார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் உறுப்பினர் நேரில் மஞ்சக்குப்பத்தில் தலைவர் கடை மாடிக்கு வந்து, சாமிக்கண்ணுவிடம் காதோடு காதாகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போவது சிரமமில்லை. திரும்பி வருவதுதான் சிரமம். எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த அந்தச் சனியனை வாய்க்குள் உருட்டிக்கொண்டே ஆலப்பாக்கம் தாண்ட வேண்டும், புதுச்சத்திரம் தாண்ட வேண்டும். யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. கார்த்திகேசன் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடி முணுமுணுப்பான். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் ஏதோ விரதம் என்று எண்ணித் தள்ளி உட்கார்ந்தார்கள். ஒருநாள் கண்டக்டர் வந்து, "எங்க சார் போவணும்?" என்று கேட்க, அவன் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டான்.

"இன்னாது?" என்றார் கண்டக்டர்.

"ஐயோ, கேட்டுட்டீங்களா?"

"கேட்டேன், புரியல. அந்த ஸ்டாப்பிங்ல நிக்காது சார். இது பாயின்ட் டு பாயின்ட்."

நேர்மையானவன் பாருங்கள், பாஸ்வேர்டு கசிந்துவிட்டது என்று அவனே சாமிக்கண்ணுவுக்குப் போன் போட்டுச் சொன்னான். வட்டாரம் முழுக்கப் பாஸ்வேர்டு மாற்றப்பட்டது. பரங்கிப்பேட்டைக்காரர் வரை எல்லாரும் அன்றே மறுபடி கடலூருக்கு ஓட வேண்டியதாயிற்று. வழியில் பார்த்த உறுப்பினர் எவரும் அவனுக்கு வணக்கம் சொல்லவில்லை.

"ஏங்க," என்றாள் மலர்க்கொடி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "வைரஸு வந்தா இன்னாங்க ஆவும்?"

"கம்ப்யூட்டரு ஓடாது."

"இப்ப ஓடுதா?"

அவன் ரசம் கேட்டான்.

இப்படியாக மே மாதம் வந்தது. ரிசல்ட்டுக்கு முந்தின நாள் சாமிக்கண்ணு மோட்டார் சைக்கிளில் வட்டாரம் முழுக்க ஒரு சுற்று வந்தார். நாளைக்குக் கூட்டம் ஜாஸ்தி, அதனால் ஆபத்தும் ஜாஸ்தி, உச்சகட்டப் பாதுகாப்பு என்றார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்தார்.

"இந்த ஓட்டைய ஏன் விட்டு வச்சோம்?"

"அது இன்டர்நெட் ஒயர் சார்!"

"வைரஸ் எதுவழியா ஜாஸ்தி வருதுன்னு நீயே சொல்லு."

கார்த்திகேசனுக்குப் பொய் வராது. "அதுவழியாத்தான் சார்."

"அப்ப மொதல்ல இதையில்ல அடைச்சிருக்கணும்! பெசை."

அவன் பிசையவில்லை. சாமிக்கண்ணு தானே பிசைந்துகொண்டார். ஒயரை உருவிச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, ஆறு ஓட்டையையும் அடைத்தார். கார்த்திகேசன் தலைவருக்குப் போன் போட்டான்.

"சார், நாளைக்கு ரிசல்ட்டு. கடையில நெட்டே இல்ல சார்."

"கவலப்படாதீங்க கார்த்தி. ஒரு வைரஸும் உங்கள நெருங்காது."

"மனுஷனும் நெருங்க மாட்டான் சார்!"

"அத அடுத்த செயற்குழுவுல வைப்போம்," என்றார் தட்சிணாமூர்த்தி.

ரிசல்ட் அன்று காலை சந்தே அடைத்துக்கொண்டது. சைக்கிளும் மொபெட்டும் அப்பாக்களும் அம்மாக்களும். பரீட்சை எழுதினவர்கள் மட்டும் சற்றுத் தள்ளி, தமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல நின்றார்கள். கிள்ளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த சவரியம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்துவிட்டாள். கையில் மகள் ரேகாவின் மணிக்கட்டு. பிடியை விட்டால் ஓடிவிடுவாள் என்ற சந்தேகம்.

கார்த்திகேசன் ஆறு கம்ப்யூட்டரையும் போட்டு வைத்திருந்தான். திரை பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒன்றும் வரவில்லை.

"ஏம்பா, மணி பத்தாவுது. கடைய தொறந்து வச்சிருக்க, பொட்டிய போட்டு வச்சிருக்க, உள்ள இன்னாதான் பண்ற?"

"பாதுகாப்புக்காக அடைச்சிருக்கும்மா."

"எதுக்குப் பாதுகாப்பு? எம்பொண்ணு மார்க்க எவன் திருடிகினு போவப் போறான்? அவ எடுத்திருக்கிற மார்க்குக்கு!"

"அம்மா!" என்றாள் ரேகா.

"நீ சும்மா இரு. தம்பி, இவ அப்பா போட்டுல இருக்காரு, கரைக்கு வந்ததும் மொதக் கேள்வி இதான் கேப்பாரு. நான் இன்னா சொல்ல, அடைச்சிருக்குன்னா?"

கூட்டத்தில் பாதி ஏற்கெனவே கீழ வீதிப் பக்கம் நகர ஆரம்பித்திருந்தது. அங்கேயும் சங்கக் கடைதான், அங்கேயும் அடைத்திருந்தது, அது வேறு. கார்த்திகேசன் நகரும் முதுகுகளைப் பார்த்தான். ஒவ்வொரு முதுகும் குமராட்சிப் பக்கமாகக் கைகாட்டுவது போல இருந்தது அவனுக்கு. மூலையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

எம்-சீல் கல் மாதிரி இறுகியிருந்தது. குத்தினான், நெம்பினான், சுத்தியலால் தட்டினான். மலர்க்கொடி டார்ச் பிடித்தாள். இரண்டு ஓட்டை உடைந்தே போயிற்று. மூன்றாவதில் ஒயர் 'டிக்'கென்று உட்கார்ந்தது. நம்பரைத் தட்டியதும் கொஞ்ச நேரம் திரை சும்மா இருந்துவிட்டு, பிறகு ரேகாவின் மார்க் பட்டியலைக் காட்டியது.

"பாஸ்!" என்று கத்தினான் கார்த்திகேசன். தன் வீட்டுப் பிள்ளை பாஸானது போல.

சவரியம்மாள் மகளின் மணிக்கட்டை அப்போதுதான் விட்டாள். "கணக்குல எவ்வளவுன்னு பாரு தம்பி. ஏசுவே, இவளா?" என்றாள். ரேகா அழுதாள். கீழ வீதிக்குப் போன கூட்டம் அப்படியே திரும்பி வந்தது. மத்தியானம் வரை அந்த ஒற்றைக் கம்ப்யூட்டரில் கார்த்திகேசன் நம்பர் தட்டிக்கொண்டே இருந்தான், சந்து முழுக்க மார்க்கைக் கூவிக்கொண்டே இருந்தான். சாமிக்கண்ணுவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. ஏட்டையா உடைந்த எம்-சீல் துண்டுகளைக் கைக்குட்டையில் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாளே அவசரக் கூட்டம். கைக்குட்டை மேசைமேல் விரிக்கப்பட்டிருந்தது.

தட்சிணாமூர்த்தி ஆண்டறிக்கை வாசிக்கும் குரலில் தொடங்கினார். "நேற்று நம் வட்டாரத்தில், ஒரே ஒரு கடை நீங்கலாக, எந்தக் கடையிலும் ஒரு வைரஸ்கூட நுழையவில்லை. ஒரு வாடிக்கையாளர்கூட நுழையவில்லையே என்று சிலர் குறை சொல்லலாம். பாதுகாப்பு முழுமையாக இருந்தது என்பதற்கு அதுவே சான்று."

நாலு பேர் கைதட்டினார்கள்.

சாமிக்கண்ணு, "ஸ்க்ரூ டிரைவரக் கைப்பத்தணும்" என்றார்.

சேரன் எழுந்தபோது கார்த்திகேசனுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. திறப்பதற்கு ஆதரவாக இந்த ஊரில் இருப்பவர் அவர் ஒருவர்தானே.

"நண்பர் கார்த்திகேசன் ஓட்டையைத் திறந்ததைக் கொள்கை அளவில் வரவேற்கிறேன். ஆனால் எப்படித் திறந்தார் என்பதை அவர் வெளியிட்டாரா? விவாதத்துக்கு வைத்தாரா? தானே திறந்து, தானே பயன்படுத்திக்கொண்டார். இது தனியுடைமை மனப்பான்மை."

"வெளியில சனம் நின்னுச்சி சார்," என்றான் கார்த்திகேசன்.

"உலகமே நிற்கிறது நண்பரே!"

சங்க வரலாற்றில் முதல்முறையாகச் சேரனும் சாமிக்கண்ணுவும் ஒரே தீர்மானத்துக்குக் கை தூக்கினார்கள். கார்த்திகேசன் விலக்கப்பட்டான். சுவரிலிருந்த சான்றிதழைச் சாமிக்கண்ணுவே வந்து கழற்றினார். மனுஷன், ஆணியைக் கூட விட்டுவைக்கவில்லை.

இனிப் போலீஸ் வந்து பூட்டும் என்று கார்த்திகேசன் ஒரு மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸ் வந்தது. மகளுக்கு இன்ஜினியரிங் ரேங்க் பார்க்க வேண்டும் என்று வரிசையில் நின்றது. பார்த்துவிட்டு, "பிரிண்ட் கிடைக்குமா?" என்றது.

கிடைத்தது. ஏனென்றால் கார்த்திகேசன் ஐந்து கம்ப்யூட்டரில் லினக்ஸை அப்படியே விட்டிருந்தான். அது பாட்டுக்கு நன்றாக ஓடியது. ஒன்றில் மட்டும் ஒரிஜினல் விண்டோஸ் வாங்கிப் போட்டு, பிரிண்டரையும் தமிழ் டைப்பிங்கையும் அதில் வைத்துக்கொண்டான். உடைந்த ஓட்டைகளை மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். பாஸ்வேர்டு பழையபடி மனைவி பெயருக்கு வந்தது, பின்னால் கல்யாணத் தேதியைச் சேர்த்துக்கொண்டான். எதில் எது ஓடுகிறது என்று ஒரு வாடிக்கையாளரும் கேட்கவில்லை. ஜூன் மாதம் முழுக்கக் கடையில் உட்கார இடமில்லை. கொளஞ்சி போன் பண்ணி, "மாமா, எப்ப வர்றீங்க? எடம் வச்சிருக்கேன்" என்றதற்கு, "நாழியில்ல மச்சான்" என்று சொல்லும் பாக்கியம் அவனுக்குக் கிடைத்தது.

இது மற்ற கடைக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்குமா? முதலில் பரங்கிப்பேட்டைக்காரர் தலைவரிடம் போய், தன்னையும் விலக்கிவிடும்படி பணிவாகக் கேட்டார். விலக்குவதற்குக் குற்றம் வேண்டுமே என்றார் தலைவர். பரங்கிப்பேட்டைக்காரர் அங்கேயே ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் காட்டினார். சாட்சி வேண்டுமே என்றார் தலைவர். வெளியே மூன்று பேர் நின்றிருந்தார்கள்; அவர்களும் விலகத்தான் வந்தவர்கள். ஒருவர் குற்றத்துக்கு ஒருவர் சாட்சியானார்கள். அந்த வாரம் மஞ்சக்குப்பம் மாடியில் குற்றம் செய்ய டோக்கன் கொடுக்காத குறை. சாமிக்கண்ணுவின் மருமகனே மாமனார் தூங்கும் நேரம் பார்த்து எம்-சீலைச் சுரண்டிவிட்டு, காலையில் தானே போய்ச் சொல்லிவிட்டான்.

இவ்வளவு பேரும் நிம்மதியாக அவரவர் கடையைப் பார்த்தார்களா என்று கேட்டால், பார்த்தார்கள், ஒரு பத்து நாள். பிறகு கை அரித்தது.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மறுநாள் கவுன்சலிங் தொடக்கம். எந்தக் கல்லூரி, என்ன கட்டணம் என்று பார்க்கக் கிள்ளையிலிருந்தும் குமராட்சியிலிருந்தும் வந்தவர்கள் மலர் நெட் வாசலில் வரிசையில் நின்றார்கள். சவரியம்மாளும் மகளோடு வந்திருந்தாள். அப்போது வேன் ஒன்று சந்துக்குள் திரும்பியது. விலக்கப்பட்டோர் இறங்கினார்கள். கையில் துணிப் பதாகை: விலக்கப்பட்ட இணைய மைய உரிமையாளர் பேரவை, தொடக்க விழா.

"ஒம்ம வழியிலதான்யா நாங்க எல்லாம் வெளிய வந்தோம்," என்று பரங்கிப்பேட்டைக்காரர் கார்த்திகேசனைக் கட்டிக்கொண்டார். "வேற எங்க போயி ஆரம்பிக்கிறது?"

ஆறு நாற்காலியிலும் பேரவை உட்கார்ந்தது. மிச்சப் பேரவை ப்ளைவுட் தடுப்பில் சாய்ந்தது. முதல் தீர்மானமாக, கார்த்திகேசன் ஒருமனதாகத் தலைவர். சரிகைத் துண்டு ஒன்று தோளில் விழுந்தது. இரண்டாவது பொருள், பேரவைக் கடைகள் அனைத்துக்கும் ஒரே கொள்கை வேண்டும், எதைப் போடுவது, எதை அடைப்பது என்பது பற்றிய விவாதம்.

மலர்க்கொடி கணவன் காதில் சொன்னாள். "ஏங்க, இவுங்கள அனுப்புங்க. வெயில்ல சனம் நிக்கிது. எல்லாம் நாளைக்குச் சீட்டு எடுக்கப் போறவுங்க."

"தோ, ஒரு நிமிஷம். எழுந்து ஒரு வார்த்த சொல்லி அனுப்பிடறேன்."

அனுப்பத்தான் எழுந்தான். அதில் சந்தேகமே வேண்டாம். முகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

"நண்பர்களே," என்று ஆரம்பித்தான்.

கைதட்டல் வந்தது. நாலு பேர் மட்டுமில்லை, அறை முழுக்கத் தட்டியது. கார்த்திகேசன் வாழ்நாளில் யாரும் அவனுக்குக் கைதட்டியதில்லை. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டான்.

"நண்பர்களே, விலக்கப்படுவது என்பது என்ன?" என்றான். அதற்கு அவனுக்கே பதில் தெரியாது. பேசப் பேசத் தெரிந்தது. ஸ்க்ரூ டிரைவர் வெறும் கருவியல்ல என்றான். பாதுகாப்பு மனதில் இருக்க வேண்டும் என்றான். இனி எந்தக் கடைக்காரரும் எதைப் போடுவது என்று தானாக முடிவெடுத்து அவதிப்பட வேண்டாம், பேரவை முடிவெடுக்கும், அதற்கு மூன்று குழுக்கள் அமைக்கலாம் என்றான்.

சவரியம்மாள் வாசலில் தலையை நீட்டி, "தம்பி, எப்ப முடியும்?" என்றாள். அவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். ஒரு நிமிஷமா, ஒரு மணியா என்று அந்த விரலில் தெரியவில்லை.

மலர்க்கொடி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "வாங்க, கீழ வீதியில ஒரு கட தொறந்திருக்கு. இவரு முடிக்க நாழியாவும்," என்று வரிசையை அழைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ரேகா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

கூட்டம் நகர்வதைக் கார்த்திகேசனும் பார்த்தான். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான்.